கனடாவுக்கும் சேர்த்து ஒரு பவர் சப்ளை

எங்கள் குசினியில் அப்போது மூன்று கிறைண்டர்கள் இருந்தன. மூன்றில் ஒன்றுகூட எங்களுடையதல்ல. கனடா போனவர்கள் விட்டுவிட்டுப் போனவை. ஜேர்மனியின் எசன் நகரில் அந்த இரண்டாம் மாடி வீட்டில் குடியிருந்து ஒவ்வொருவராகக் கடல் தாண்டியவர்கள், போகும்போது குளிர் ஜாக்கெட்டைக் கொண்டுபோனார்கள், சாமிப் படத்தைக் கொண்டுபோனார்கள், கிறைண்டரை மட்டும் எங்கள் கையில் தந்துவிட்டுப் போனார்கள். காரணம் மின்சாரம். இங்கே இருநூற்று முப்பது வோல்ட், அங்கே அதில் அரைவாசி. ஒருவர் சொல்வழி கேட்காமல் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு போய், ரொறன்ரோவில் அதற்குள் தேங்காயைப் போட்டு அழுத்தியிருக்கிறார். அது வயதானவர் கோயில் வீதி சுற்றுவதுபோல மெல்ல மெல்லச் சுற்றியதாம். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத தமிழர் எங்கள் பக்கத்தில் இல்லை. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் ஒரு முடிவும் எடுத்துவைத்தேன். நான் போகும்போது இப்படி ஏமாறமாட்டேன்.

போவேன் என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஜேர்மனிக்கு நான் வரவே இல்லை, ஜேர்மனியில் தடுக்கி விழுந்தவன். கொழும்பில் பதிவுத் திருமணம் முடித்து, ஒரு மாரிகாலம் மட்டும் நானும் மனைவியும் ஒரே அறையில் இருந்தோம். மழை ஒழுகும் அறை. பிறகு ஏஜென்சிக்காரன் அவளை முதலிலும் என்னைப் பிறகுமாக, வெவ்வேறு பாதையில் கனடாவுக்கென்று ஏற்றிவிட்டான். அவள் போய்ச் சேர்ந்தாள். நான் விமானம் மாறுகிற இடத்தில் பிடிபட்டேன். அவளை அங்கே அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். என்னுடைய வழக்கை இங்கே நிராகரித்தார்கள், ஆனால் திருப்பி அனுப்பவும் இல்லை. அப்படிப்பட்ட ஆளுக்கு டுல்டுங் என்று ஒரு காகிதம் தருவார்கள். உன்னை ஏற்கவில்லை, இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம். சில மாதங்களுக்கு ஒரு தடவை போய் வரிசையில் நின்று அந்தப் பொறுமையை நீட்டிக்கொண்டு வரவேண்டும். வேண்டாத விருந்தாளியிடம்கூட நம் ஆட்கள் முகத்துக்கு நேரே இவ்வளவு தெளிவாகச் சொல்லமாட்டார்கள்.

அவள் அங்கிருந்து என்னைக் கூப்பிடுவதற்கு ஸ்பொன்சர் செய்திருந்தாள். அது வரும்வரை நான் செய்ய இருந்த வேலை காத்திருப்பது மட்டும்தான். காத்திருக்கிறவன் பாரமான சாமான் வாங்கக்கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். கட்டில் வாங்காமல் மெத்தையைத் தரையில் போட்டுப் படுத்தேன். அலுமாரி வாங்காமல் சூட்கேசுக்குள் உடுப்பு வைத்தேன். எதைக் கையில் எடுத்தாலும், இது கனடாவுக்கு வருமா என்று கேட்டுவிட்டுத்தான் எடுப்பேன். வராது என்றால் வைத்துவிடுவேன்.

அந்த வீட்டில் என்னோடு மிஞ்சியிருந்தவர் ஒரு அண்ணை. எண்பதுகளில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கி, அப்போதைய கிழக்கு ஜேர்மனியிலிருந்து மேற்குக்கு ரயில் ஏறி, அங்கிருந்து எசனுக்கு வந்தவர். நிரந்தர விசா உள்ளவர், கலியாணம் செய்யாதவர். கனடா ஆசை இல்லாத ஒரே தமிழர் என்று அவரைப் பகிடி பண்ணுவோம். "எனக்கு இஞ்சத்தை உருளைக்கிழங்கு காணும்" என்பார். பாண் தயாரிக்கும் தொழிற்சாலையில் அதிகாலை வேலைக்கு என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான். மத்தியானம் வீட்டுக்கு வந்துவிடுவேன். அதற்குப் பிறகு பொழுதைத் தள்ளுவதுதான் பெரும்பாடு.

கணினி விளையாட்டைத் தொடங்கிவைத்தது என் மனைவி. டெலிபோன் கார்ட் வாங்கிக் கதைத்தால், எப்படி இருக்கிறீர்கள், சாப்பிட்டீர்களா, ஸ்பொன்சர் என்னவாயிற்று என்ற மூன்று கேள்வியோடு எங்களுக்குக் கதை தீர்ந்துவிடும். கார்டில் மிச்சம் இருக்கும். ஒரு மாரிகாலத்துப் பழக்கத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேர் எவ்வளவு கதைக்கமுடியும்? அவளோடு வேலை செய்த ஒருத்தி இணையத்தில் விளையாடும் ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்திருக்கிறாள். பெரிய காடு, மலை, ஆறு. உலகத்தின் எந்த மூலையில் இருப்பவரும் ஒரே காட்டுக்குள் வந்து நடக்கலாம், சண்டை பிடிக்கலாம், வீடு கட்டலாம்.

"நாங்கள் ரெண்டு பேரும் ஒரே இடத்திலை நிக்கலாம், தெரியுமோ?" என்றாள் டெலிபோனில்.

சின்னப் பிள்ளைகளின் வேலை என்று முதலில் எரிந்து விழுந்தேன். ஆனால் 'ஒரே இடத்திலை' என்ற சொல் என்னை விடவில்லை. பழைய கணினி ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து, அந்தக் காட்டுக்குள் போய் நின்றேன். அங்கே அவள் கோடரி தூக்கிய போர்க்காரி. நான் காயத்துக்கு மருந்து போடுகிற ஆள், நீலச் சட்டை, வெள்ளைத் தாடி. அவள்தான் அந்தத் தாடியைத் தெரிவு செய்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் பின்னேரம் ஆகும்போது அவளுக்கு மத்தியானம். சமையலை முடித்துவிட்டு வந்து காட்டின் வாசலில் நிற்பாள். நான் போய்ப் பக்கத்தில் நிற்பேன். கொழும்பை விட்டபிறகு நாங்கள் அருகருகே நின்றது அங்கேதான். எனக்குக் கண்கலங்கியது, இதை மறைக்க என்ன இருக்கிறது.

பழைய கணினி அந்தக் காட்டைத் தாங்கவில்லை. படம் விட்டுவிட்டு ஓடும். அவள் நடுச்சண்டையில் மருந்து கேட்டுக்கொண்டிருப்பாள், என் திரை உறைந்து நிற்கும். அது விடுபடும்போது அவள் செத்துக் கிடப்பாள். "உங்களை நம்பி வந்தால் இதுதான் கதி" என்று திரையில் எழுதிச் சிரிப்பாள். நாலைந்து ஞாயிறு அப்படிச் சாகவிட்ட பிறகு, எனக்கு ரோசம் வந்தது. புதுக் கணினி ஒன்றை நானே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவதென்று முடிவு செய்தேன். நூலகத்தில் இருந்த கணினிச் சஞ்சிகைகளை அகராதியோடு வாசித்தேன். பெட்டி, மதர்போர்ட், நினைவகம், கிராபிக்ஸ் கார்ட் என்று ஒவ்வொன்றாக வந்து மெத்தைக்குப் பக்கத்தில் சேர்ந்தன. ஏன் இவ்வளவு பாரமான சாமான் என்று அண்ணை கேட்டார். இது மட்டும் கனடாவுக்கு என்னோடு வரும் என்றேன்.

கடைசியாக மிஞ்சியது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை வாங்கிக் கணினியின் ஒவ்வொரு பாகத்துக்கும் அளந்து கொடுக்கிற இரும்புப் பெட்டி. மற்றப் பாகம் எதற்கும் ஊர் தெரியாது. சுவரோடு பேசுவது இது ஒன்றுதான். ஆகவே கனடாவா ஜேர்மனியா என்று தெரிந்திருக்கவேண்டியதும் இது ஒன்றுதான்.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சிறிய கணினிக் கடை இருந்தது. அண்ணையும் கூட வந்தார். கடையில் நின்றது ஒரு ஜேர்மன் பெண், என் வயதிருக்கும், தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். என்ன கிராபிக்ஸ் கார்ட், என்ன புரொசெசர் என்று கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்து மேசையில் வைத்தாள். அண்ணை அதைக் கையில் தூக்கி, சந்தையில் பூசணிக்காய் பார்ப்பதுபோலப் பாரம் பார்த்தார்.

"நல்ல கனம், தம்பி. உள்ளுக்குச் சாமான் இருக்குது" என்றார்.

பெட்டியின் வெளியே எழுதியிருக்கும் வோற்றைப் பார்த்து ஏமாறவேண்டாம், பன்னிரண்டு வோல்ட் கம்பியில் எவ்வளவு தரும் என்று பாருங்கள், கிராபிக்ஸ் கார்ட் அதிலிருந்துதான் குடிக்கும் என்று அந்தப் பெண் விளக்கினாள். இது சத்தமும் போடாது, நாளைக்கு இன்னும் பெரிய கார்ட் போட்டாலும் தாங்கும் என்றாள். நான் அதைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். இருநூற்று முப்பது வோல்ட் மட்டும் என்று அச்சடித்திருந்தது.

"இது கனடாவில் வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"செய்யாது. நீங்கள் கனடாவுக்குப் போகிறீர்களா?"

"ஆம்."

"எப்போது?"

அவள் கேட்டது சாதாரணக் கேள்வி. ஜேர்மன்காரர் எதற்கும் திகதி கேட்பார்கள், அது அவர்கள் வழக்கம். எனக்கோ முகம் சூடேறியது. அண்ணை சுவரில் தொங்கிய வயர்களைப் பார்க்கத் தொடங்கினார். விரைவில் என்றேன். கணினி ஒன்றின் ஆயுளே சில வருடம்தான், அதற்குள் போய்விடுவீர்களா என்று அவள் திரும்பக் கேட்டாள். விரைவில் என்று நானும் திரும்பச் சொன்னேன், கொஞ்சம் உரத்து.

அவள் கோபிக்கவில்லை. இரண்டு வழி இருக்கிறது என்றாள். ஒன்று, எந்த நாட்டு வோல்ட் என்று தானாகவே கண்டுபிடித்து ஓடுகிற வகை. நல்ல சாமான், ஆனால் கடையில் இல்லை, சொல்லி எடுப்பிக்கவேண்டும். மற்றது, பின்னால் சிவப்புச் சுவிச்சு வைத்த வகை. ஒரு பக்கம் தள்ளினால் இருநூற்று முப்பது, மற்றப் பக்கம் தள்ளினால் நூற்றுப் பதினைந்து. அது கைவசம் இருக்கிறது, ஆனால் உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு அது மட்டுமட்டு, நான் என்றால் எடுக்கமாட்டேன் என்றாள்.

தானாகக் கண்டுபிடிக்கும் என்ற பேச்சே எனக்குப் பிடிக்கவில்லை. என் வாழ்க்கையில் தானாக நடக்கும் என்று யாராவது சொன்ன எதுவும் நடந்ததில்லை. கடிதம் தானாக வரும், முடிவு தானாக வரும், பதறாமல் இரு என்று சொல்லிச் சொல்லியே எனக்குத் தலையில் நரை விழுந்துவிட்டது. சுவிச்சு என்றால் கண்ணுக்குத் தெரியும். விரலால் தொடலாம். அந்தச் சிவப்புச் சுவிச்சைப் பார்த்த உடனே எனக்குள் ஒரு படம் ஓடியது. கனடாவில் போய் இறங்கிய முதல் நாள், அவளுடைய வீட்டில், அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அதை நான் என் கையால் மற்றப் பக்கம் தள்ளுகிறேன். அதோடு எல்லாம் முடிந்தது, இனி இங்கேதான் என்று ஆகிறது. அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அதை எடுத்தேன். வோற்றும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

அண்ணை அதையும் தூக்கிப் பார்த்தார். "தம்பி, இது பஞ்சு மாதிரிக் கிடக்குது. மற்றதை எடு."

"மற்றது கனடாவுக்குச் சரிவராது, அண்ணை."

"இருக்கிற இடத்துக்குச் சரிவாறதை முதல்லை பார். ஆத்திலை ஒரு கால் சேத்திலை ஒரு கால் எண்டு எவ்வளவு காலத்துக்கு நிப்பாய்?"

நான் சிவப்புச் சுவிச்சுக்காரனைக் கையில் எடுத்துக்கொண்டேன். கடைப் பெண் அதைப் பையில் போடும்போது, இங்கே இருக்கும்வரை அந்தச் சுவிச்சு இருநூற்று முப்பதிலேயே இருக்கட்டும், தவறுதலாக மாற்றிப் போட்டால் வெடித்துவிடும் என்று இரண்டு தடவை சொன்னாள். பாவம், அவள் எனக்கு நல்லதுதான் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சுவிச்சின்மேல் கண்ணாடி ஒட்டுநாடாத் துண்டு ஒன்றை ஒட்டினேன். கனடா வரும்வரை அது அசையக்கூடாது. பிறகு எல்லாவற்றையும் பூட்டினேன். அண்ணை கைகழுவிவிட்டு வந்து, பெட்டியின் நெற்றி என்று அவர் நினைத்த இடத்தில் விபூதி பூசி, சந்தனப் பொட்டு வைத்தார். புது வாகனத்துக்குச் செய்வதைத்தான் செய்தார். தேசிக்காய் வைத்து நசிக்கச் சில்லு இல்லையே என்று கவலைப்பட்டார். கணினி எழும்பியது. எழும்பும்போதே பவர் சப்ளையின் காற்றாடி பெருஞ் சத்தம் போட்டது.

அந்த ஞாயிறு நாங்கள் முதல் தடவையாகக் காட்டுக்குள் குரலோடு பேசினோம். காதில் மாட்டும் கருவி ஒன்றும் வாங்கியிருந்தேன்.

"என்ன உந்தச் சத்தம்? மா அரைக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"அது உங்கடை நாட்டுக்கும் சேத்து வாங்கின பவர் சப்ளை. அப்பிடித்தான் கத்தும்" என்றேன். பிறகு சுவிச்சின் கதையைச் சொன்னேன். அந்த ரொறன்ரோக் கிறைண்டரின் கதையையும் சொன்னேன். அவள் வயிறு நோகச் சிரித்தாள்.

"அப்ப வாற நேரம் நான்தான் அந்தச் சுவிச்சைத் தட்டுவன்" என்றாள்.

"அது ஏலாது. நான்தான் தட்டுவன்."

"சரி, ரெண்டு பேருமாத் தட்டுவம்."

அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவளுடைய முதல் கேள்வி அதுவாயிற்று. "இஞ்சாருங்கோ, சுவிச்சு எந்தப் பக்கம்?" நான் இன்னும் இந்தப் பக்கம்தான் என்பேன். பிறகு காட்டுக்குள் போவோம். ஆற்றங்கரையில் ஒரு வீடு கட்டினோம். புதுக் கணினியில் தண்ணீர் அசைவது தெரிந்தது, அவளுடைய கோடரியின் விளிம்பு மினுங்குவது தெரிந்தது, என் தாடியின் ஒவ்வொரு மயிரும் அவளுக்குத் தெரிந்ததாம். வாசலில் இரண்டு கதிரை வைத்தோம். சண்டைக்குப் போகாத நாட்களில் அந்தக் கதிரைகளில் இருந்துகொண்டு, அவள் அன்றைக்கு என்ன சமைத்தாள் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். சந்தோசமாக இருந்தோமா என்று கேட்டால், ஓம், அப்போது இருந்தோம். அந்தக் காலம் நெடுநாள் நிற்கவில்லை.

கடைப் பெண் சொன்னது சரி. அந்தப் பவர் சப்ளையால் தாங்கமுடியவில்லை. விளையாட்டை நடத்துகிறவர்கள் வருடா வருடம் காட்டைப் பெரிதாக்கினார்கள், ஒளி கூட்டினார்கள், மழை பெய்வித்தார்கள். நான் அதற்கு ஈடுகொடுக்க இன்னும் பெரிய கிராபிக்ஸ் கார்ட் ஒன்று போட்டேன். அதிலிருந்து, சண்டை உச்சத்துக்கு வரும்போது கணினி பட்டென்று அணைந்துவிடும். எச்சரிக்கை இல்லை, ஒன்றும் இல்லை. முழுத் திரையும் கறுப்பு. திரும்ப எழுப்பி உள்ளே போகும்போது அவள் விழுந்து கிடப்பாள், அல்லது தனியாகச் சமாளித்துவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்து போயிருப்பாள்.

"திரும்பவும் காணாமப் போட்டியள்" என்பாள். முதலில் அதைச் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அதற்கும் பிறகு சொல்லாமலே விட்டுவிட்டாள். என்னை எதிர்பார்க்காமல் சண்டை பிடிக்கப் பழகிக்கொண்டாள், மருந்தையும் தானே கொண்டுதிரிந்தாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும் ஒன்றும் செய்யவில்லை.

அண்ணை ஒருநாள் கதவடியில் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார். "தம்பி, உந்தப் பெட்டியை மாத்தன். அந்தப் பிள்ளை காட்டிலை தனிய நிக்குது."

"இன்னும் கொஞ்சக் காலம்தானே, அண்ணை. அங்கை போய் நல்லதா ஒண்டு வாங்குவம்."

"நீ கட்டிலுக்கும் இதைத்தான் சொன்னனி" என்றார். இலவு காத்த கிளி என்று வாயெடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு முழுசாகச் சொல்லாமல் குசினிக்குப் போனார். எனக்குக் கடும் கோபம் வந்தது. மாற்றினால் என்ன என்று எனக்கும் தெரியாதா? இங்கேயே ஓடுகிற, இருநூற்று முப்பது மட்டும் என்று அச்சடித்த ஒரு பெட்டியை நான் வாங்கினால், அவள் அடுத்த ஞாயிறு சுவிச்சு எந்தப் பக்கம் என்று கேட்கும்போது, சுவிச்சே இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? அதை எவன் வாயால் சொல்லுவான்?

இதற்குள் டுல்டுங் எத்தனையோ தடவை நீட்டப்பட்டுவிட்டது. ஸ்பொன்சர் பற்றிய கதை ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு விதமாக இருந்தது. ஒரு வருடம் இன்னும் ஒரு பத்திரம் வேண்டும் என்றார்கள். ஒரு வருடம் அவளுக்கு நிரந்தர வேலை இல்லை, அதனால் தள்ளிப்போயிற்று. ஒரு வருடம் எல்லாம் சரி, ஆனால் என்னுடைய பக்கத்தில் ஒரு காகிதம் காலாவதியாகிவிட்டது. நான் அதைப் புதுப்பிக்கும்போது அவளுடையது ஏதோ காலாவதியானது. நேரம் கெட்டால் ஒட்டகத்தில் ஏறி இருந்தாலும் நாய் கடிக்கும் என்பார்கள். யாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வருடங்கள் போயின, அவ்வளவுதான். அவள் கேள்வியும் மெல்ல மெல்ல மாறிற்று. "சுவிச்சு எந்தப் பக்கம்" என்பது "சுவிச்சு அப்பிடியே தானே" என்று ஆயிற்று. பிறகு சில ஞாயிறுகளில் கேட்கவே மறந்துபோனாள். கேட்காத நாட்களில் நானாகச் சொல்லிவைப்பேன்.

ஒரு மாரிகாலத்து ஞாயிறு, பின்னேரமே வெளியில் இருட்டிவிட்டது. நான் உள்ளே போனபோது அவள் ஆற்றங்கரை வீட்டின் வாசலில் நின்றாள். கையில் கோடரி இல்லை. கதிரையில் இருக்கவும் இல்லை. காதுக் கருவியில் குரலும் வரவில்லை. போன் எடுக்கிறன் என்று மட்டும் திரையில் எழுதினாள். அவள் டெலிபோனில் அழைத்து நெடுங்காலம். மணி அடித்தது, எடுத்தேன்.

"சாப்பிட்டியளோ?" என்றாள்.

"இன்னும் இல்லை. அண்ணை சமைக்கிறார். ஏன், என்ன?"

"உங்கடை கணினி ஓடுதோ?"

"ஓடுது. நீர் வாசலிலை நிக்கிறீர். நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

அவள் மூச்சு விடுவது கேட்டது. "இஞ்சாருங்கோ, அந்தச் சுவிச்சை இனி மாத்தவேண்டாம்."

எனக்கு உடனே விளங்கியது. விளங்காதவன்போல, ஏன் என்று கேட்டேன். மனிதனுக்கு அந்த நேரத்தில் அவ்வளவு புத்திதான் இருக்கிறது.

"நான் ஸ்பொன்சரை வாபஸ் வாங்கிட்டன். போன கிழமையே குடுத்திட்டன். உங்களுக்குச் சொல்ல ஏலாமல் இருந்தது."

"வேறை ஆரும்..."

"இல்லை. ஒருத்தரும் இல்லை. அப்பிடி ஒருத்தர் இருந்தால் உங்களுக்குச் சொல்லுறதும் சுகமா இருந்திருக்கும்." பிறகு, "எனக்கு உங்களிலை கோவமும் இல்லை. உங்களை நினைச்சுப் பாக்கிறன், அந்தத் தாடிக்காரன்தான் வாறான். நீலச் சட்டையும் வெள்ளைத் தாடியும். உங்கடை முகம் வரேல்லை. எவ்வளவு யோசிச்சும் வரேல்லை. கலியாணப் படத்தை எடுத்துப் பாத்தன். ஆரோ ஒரு பெடியன் மாதிரிக் கிடக்குது. நீங்கள் விமானத்திலை வந்து இறங்கினால் எனக்கு ஆரெண்டு தெரியாது. தெரியாத ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டிலை வைச்சிருக்க எனக்குப் பயமா இருக்குது."

நான் எதையாவது சொல்லியிருக்கவேண்டும். திட்டியாவது இருக்கலாம். ஆனால் அவள் சொல்லச் சொல்ல நானும் அவளை நினைத்துப் பார்த்தேன். எனக்கும் கோடரிதான் வந்தது. கொழும்பு அறையில் மழை ஒழுகிய இடத்தில் வாளி வைத்தது நினைவுக்கு வந்தது, வாளியை வைத்த கை வந்தது, அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை. அதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அவளுக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆறுதலைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"சரி" என்றேன்.

"கோவமோ?"

"இல்லை. நீர் சாப்பிட்டீரோ?"

"ஓம், சாப்பிட்டன்" என்றாள். "அண்ணையைக் கேட்டதாச் சொல்லுங்கோ. வைக்கிறன்."

நான் ரிசீவரை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். அவள் இன்னும் வாசலில் நின்றாள். மழை பெய்துகொண்டிருந்தது, விளையாட்டை நடத்துகிறவர்கள் புதிதாகப் போட்ட நல்ல மழை. பக்கத்தில் என் தாடிக்காரன் நின்றான். பிறகு அவள் மெல்ல மங்கி இல்லாமல் போனாள். வெளியேறினால் அப்படித்தான் மங்கும். அன்றைக்கு மட்டும் அந்தப் பாழாய்ப்போன கணினி அணையாமல் கடைசிவரை எல்லாவற்றையும் காட்டியது. அணைந்திருக்கக் கூடாதா?

அதை நிற்பாட்டினேன். மேசையைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் போய்க் குந்தியிருந்தேன். ஒட்டுநாடா மஞ்சளாகி, தூசி பிடித்துப்போய் இருந்தது. நகத்தால் கிளப்பினேன், காய்ந்துபோன இலை மாதிரி நொறுங்கிக் கழன்றது. அண்ணை வைத்த சந்தனப் பொட்டின் அடையாளம் முன்பக்கத்தில் இருந்திருக்கும், நான் பார்க்கவில்லை. கடைப் பெண் சொன்னது நினைவில் இருந்தது, நன்றாகவே இருந்தது. என்ன நடக்கும் என்று தெரிந்துதான் செய்தேன். ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சிவப்புச் சுவிச்சில் வைத்துத் தள்ளினேன். அவ்வளவு வருடம் அசையாமல் இருந்தது, டக்கென்று சுகமாகப் போயிற்று. நூற்றுப் பதினைந்து என்ற எழுத்து வெளியே வந்தது. பக்கத்தில் நின்று பார்க்க ஒருவரும் இல்லை. எழும்பி முன்பக்கம் வந்து கணினியைப் போட்டேன்.

துவக்கால் சுட்டதுபோல ஒன்று வெடித்தது. வீடு முழுவதும் இருண்டது. கருகிய நாற்றமும் புகையும் மெத்தைப் பக்கம் வந்தன. குசினியில் அண்ணை சம்பலுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்த கிறைண்டர் பாதியில் நின்றது.

"தம்பி, என்னடா அது? ஆளுக்கு ஒண்டும் இல்லையே?" என்று இருட்டுக்குள்ளிருந்து அண்ணையின் குரல் வந்தது.

"ஒண்டுமில்லை, அண்ணை" என்றேன். "கனடாவுக்குப் போயிட்டு வந்தனான்."

அண்ணைக்கு விளங்கியிருக்கவேண்டும். சுவரைத் தடவித் தடவி வாசல் நடைக்கு வந்து, மீட்டர்ப் பெட்டியைத் திறந்து பியூஸைத் தூக்கிவிட்டார். விளக்கு எரிந்தது. நிற்பாட்ட மறந்துபோன அந்தக் கிறைண்டர், கனடா போனவர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது, விட்ட இடத்திலிருந்து வேகமாகச் சுற்றத் தொடங்கியது.